நெல்லுக்கு யூரியா: எவ்வளவு, எப்போது, எப்படி?

காவிரி டெல்டாவில் குறுவை நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. மண் பரிசோதனை செய்தவர்கள் அந்த அட்டையில் உள்ள அளவையே போடுங்கள்.

மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. அதனால் ஏக்கருக்கு வேண்டிய டிஏபி (மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த உரம்) 43 கிலோவையும் கடைசி உழவிலேயே அடியுரமாகப் போட்டுவிட வேண்டும். அதிலேயே 8 கிலோ தழைச்சத்து கிடைப்பதால், கூடவே 16 கிலோ யூரியா போதும். சாம்பல் சத்துக்கான பொட்டாஷ் 33 கிலோவை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை இப்போது சேருங்கள். துத்தநாக சல்பேட் 10 கிலோவை டிஏபியோடு கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம் கரையாமல் முடங்கிவிடும். அதை 20 கிலோ மணலில் கலந்து, பரம்படித்து வயலைச் சமப்படுத்திய பிறகு தனியாகத் தூவுங்கள்.

மேலுரத்துக்கு வேண்டிய யூரியா 98 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டும் கொஞ்சமும். தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என மூன்று முறை 33 கிலோ வீதம், ஒவ்வொரு முறையும் 8 கிலோ பொட்டாஷோடு. கதிர் உருவாவதை நாள் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். தாய்த்தூரை நீளவாக்கில் பிளந்தால், அடிக்கணுவுக்கு மேல் ஓரிரு மில்லிமீட்டரில் வெள்ளைப் பஞ்சு போல இளங்கதிர் தெரியும். மூன்றில் இந்த உரம்தான் தவறவே கூடாதது. கதிரில் எத்தனை மணி என்பது அப்போதுதான் முடிவாகிறது.

பெரும்பாலும் பிசகுவது தண்ணீரில்தான். நிறைந்த வயலில் தூவிய யூரியா நீரில் கரைந்து அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, மிச்சம் வாய்மடை வழியே வடிகிறது. நீரை வடித்துச் சேறு தெரியும் அளவுக்கு வைத்து, மடையை அடைத்துவிட்டுத் தூவுங்கள். மறுநாள் தண்ணீர் கட்டலாம். இலையில் பனி காய்ந்த பிறகே தூவ வேண்டும், ஈர இலையில் ஒட்டினால் நுனி கருகும். மழை வரும்போல இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

பயிர் கருகருவென்று இருக்கிறதே என்று மகிழ்ந்து இன்னும் ஒரு மூட்டை போடுகிறார்கள். புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்த வயலைத்தான் முதலில் பிடிக்கும், காற்றடித்தால் முதலில் சாய்வதும் அதுதான். சந்தேகமானால் இலை வண்ண அட்டையை (வெவ்வேறு பச்சை நிறங்களுக்கு எண் கொடுத்த அட்டை) எடுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் உங்கள் நிழலில், முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலைகளில் குறைந்தது ஆறு இலைகள் எண் 4-க்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு மட்டும் அந்த எல்லை 3.