பழைய நோவாவுக்கு ஏற்ற டார்க் கன்வெர்ட்டர்

என்னிடம் இருப்பது 1972 ஷெவி நோவா. 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ 350 என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை (சுருக்கமாகக் கேம்) சற்றுப் பெரியதாக மாற்றிய பிறகு ஒரு தொல்லை. நியூட்ரலில் நிமிடத்துக்கு 900 சுற்றில் நன்றாக ஓடும் இன்ஜின், டிரைவில் போட்டதும் திணறி அணைந்துவிடும். டெக்சாஸ் வெயிலில் ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரலுக்குத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்வேன். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். கம்பெனி கன்வெர்ட்டர் இந்தக் கேமுக்கு ரொம்ப இறுக்கம், அதாவது குறைந்த சுற்றிலேயே இன்ஜினைப் பிடித்துவிடுகிறது என்பதற்கு இதுதான் அடையாளம்.

டிரைவில் போட்டு, பிரேக்கை முழுதாகப் பிடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் எத்தனை சுற்று வரை ஏறி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அதே கன்வெர்ட்டர் வலுவான இன்ஜினுக்குப் பின்னால் அதிகமாகவும், சோர்ந்த இன்ஜினுக்குப் பின்னால் குறைவாகவும் காட்டும். வாங்கும்போது கேம் விவரம், வண்டியின் எடை, பின் அச்சின் கியர் விகிதம், டயர் உயரம் நான்கையும் சொல்லிக் கேளுங்கள்.

நான் அப்படிக் கேட்கவில்லை. விற்றவர் பேச்சில் மயங்கி 3,500 ஸ்டால் வாங்கி மாட்டினேன். புறப்பாடு பிரமாதம்தான். ஹைவேயில் இன்ஜின் மட்டும் இரையும், வண்டி இழுக்காது. ஒரே கோடையில் கியர்பாக்ஸ் ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பின் அச்சு விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் இன்ஜின் சுற்று கிடைக்கும். என் வண்டிக்கு 3.08 விகிதம், 26 அங்குல டயர். 60 மைலில் சுமார் 2,390 சுற்று. இந்த கியர்பாக்ஸில் லாக்அப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டிவிடும் ஏற்பாடு) கிடையாது. 3,500 ஸ்டாலைப் போட்டுவிட்டு 2,390 சுற்றில் மணிக்கணக்காக ஓட்டினால் வழுக்கல் எல்லாம் சூடாகத்தான் மாறும். பின் அச்சு 3.73 ஆக இருந்தால் அதே வேகத்தில் சுமார் 2,890 சுற்று வரும், கொஞ்சம் உயர்ந்த ஸ்டால் தாங்கும். என் கேம் வேலை செய்யத் தொடங்குவது 1,800 சுற்றில். அதைவிடச் சற்று மேலே, ஹைவே சுற்றுக்குக் கீழே: 2,200 எடுத்தேன். வாங்கும் முன் ஃபிளெக்ஸ்பிளேட்டின் (கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் தட்டு) போல்ட் துளை வட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், 10.75 அங்குலமும் உண்டு, 11.5ம் உண்டு.

கழற்றுவது பலம் சார்ந்த வேலை. பேட்டரி வயர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிக்டவுன் கேபிள், மாடுலேட்டர் வேக்குவம் குழாய், கூலர் குழாய்கள், கியர் லிங்கேஜ் எல்லாவற்றையும் விடுவித்து, கியர்பாக்ஸ் ஜாக்கியில் இறக்க வேண்டும். வண்டி மட்டும் ஸ்டாண்டில் நிற்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

மாட்டும்போதுதான் நிதானம் வேண்டும். பம்ப் சீலைப் புதிதாகப் போட்டு, கன்வெர்ட்டரின் கழுத்தில் ஆயில் தடவி, உள்ளே சுமார் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். முதலில் டர்பைனின் பல், பிறகு ஸ்டேட்டரின் பல், கடைசியில் பம்பின் காது என மூன்று இடத்தில் அது பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘டக்’ என்று ஒரு இறக்கம் தெரியும், சில சமயம் இரண்டு சேர்ந்தே விழும். டார்ச் பிடித்த என் மகள் எண்ணினாள்: ஒன்று, இரண்டு. “அப்பா, மூணாவது கேக்கலை” என்றாள். இன்னும் பத்து நிமிடம் சுழற்றினேன், அரை அங்குலம்போல உள்ளே போனது. அதைக் கவனிக்காமல் போல்ட்டை இறுக்கியிருந்தால் பம்ப் உடைந்திருக்கும்.

பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதி) இன்ஜினோடு கையால் தள்ளியே முழுதாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் போல்ட்டால் இழுக்காமல் திரும்பக் கழற்றுங்கள். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் மூன்று போல்ட்டிலும் ஒரே அளவு தடிமனுள்ள வாஷர் வையுங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்று கட்டாயம் போடுங்கள். பழைய குழாய்களை மாட்டுமுன் நன்றாகக் கழுவுங்கள், கருகிய துகள் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கும். முதலில் நான்கு லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓட ஓட மீதியை ஊற்றி, சூடான பின் பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள்.

இப்போது சிக்னலில் டிரைவிலேயே நிற்கிறேன். 750 சுற்றில் இன்ஜின் அணையாமல் ஓடுகிறது.