ஏற்காட்டில் எந்த பாயிண்ட், எந்த நேரம்?

வெளிநாட்டிலிருந்து சேலத்துக்கு உறவுகளைப் பார்க்க வருகிறவர்களின் லீவில் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய்விடும். "இவ்வளவு தூரம் வந்துட்டு மலைக்குப் போகாம திரும்பறதா?" என்று அம்மாயி கேட்பார், சித்தப்பா தெரிந்த இடத்தில் கார் பேசிவிடுவார். டிரைவர் வண்டியை எடுத்ததுமே, "மொத்தம் பத்து பாயிண்ட்டுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்திடறேன்" என்பார். அவர் மேல் தப்பில்லை, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் மட்டும், "பத்து வேண்டாங்கண்ணா, ரெண்டு மூணு போதும், நேரம் நாங்க சொல்றோம்" என்று அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்தும் பார்த்தவர்களுக்குக் கடைசியில் நினைவிருப்பது கார் கதவைத் திறந்து மூடியதுதான்.

ஏற்காடு சின்ன ஊர். சேர்வராயன் மலை மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி, அதைச் சுற்றிக் கடைத்தெரு, கான்வென்ட் பள்ளிகள், காப்பித் தோட்டங்கள். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஏரியிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாயிண்ட்டும் மலையின் ஒவ்வொரு விளிம்பில், ஒவ்வொரு திசையைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் அருமையாக இருக்கும் இடத்துக்குச் சாயங்காலம் போனால் ஒன்றுமிருக்காது.

தென்மேற்கு விளிம்பில் லேடீஸ் சீட். சேலம் டவுனும் நாம் ஏறி வந்த மலைப்பாதையும் அங்கிருந்து முழுசாகத் தெரியும். இதற்குச் சாயங்காலம்தான். நடுப்பகலில் கீழே வெறும் வெண்புழுதி மூட்டம். நாலரை, ஐந்து மணிக்குப் போய்க் கம்பிவேலி ஓரமாக நில்லுங்கள். டவுனுக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று பிளந்து கிடக்கும் குன்றுகள் கண்ணில் படும். பிள்ளைகள் பனியா என்று கேட்பார்கள். அது மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டியெடுத்த வெள்ளைக்கல் சுரங்கம், சுண்ணாம்புக்கரடு என்பார்கள். சேலத்துக்காரர் வீட்டில் யாராவது ஒரு தாத்தா அங்கே வேலை பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் அங்குள்ள டெலஸ்கோப்பில் மேட்டூர் அணைகூடத் தெரியும். இருட்டத் தொடங்கியதும் சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். அதற்கு முன்பே பூட்டிவிடவும் செய்யலாம், உள்ளே போகும்போதே டிக்கெட் கவுன்டரில் மூடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட்டும் சில்ட்ரன்ஸ் சீட்டும் இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே காட்சிதான், மூன்றுக்கும் ஏறி இறங்க வேண்டாம். பக்கத்திலுள்ள ரோஜாத் தோட்டத்துக்கு அம்மாக்கள் ஆசைப்பட்டால் மட்டும் போங்கள்.

பகோடா பாயிண்ட் இதற்கு நேர் எதிர்ப்பக்கம், கிழக்கு விளிம்பில். கூம்பு மாதிரி அடுக்கிய பழைய கற்குவியல்கள், ஒரு ராமர் கோயில், கீழே பள்ளத்தில் காக்கம்பாடி கிராமம். விடிகாலையில் போனால் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். மேலேயே தங்குகிறவர்களுக்குத்தான் இது கொடுப்பினை. சேலத்திலிருந்து கிளம்பி விடிவதற்குள் ஏறிவிடலாம் என்று டிரைவரை வற்புறுத்தாதீர்கள். இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு காட்டெருமை நிற்குமோ என்ற பயம், அத்தனையும் மேலே போய்ப் பனிமூட்டத்தைப் பார்ப்பதற்கா? டிசம்பர், ஜனவரியில் மூட்டம் விலக எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அந்த மாதங்களில் வந்தால் நிதானமாக டிபன் முடித்துவிட்டுப் போங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டுமில்லை, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிதான். 5,326 அடி. மேலே மரமில்லாத பரந்த புல்வெளி, காற்று ஆளைத் தள்ளும். கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது, ஒரு குகை. தலையைக் குனிந்து, முதுகையும் வளைத்து உள்ளே போனால் ஈரக் கல் வாசனை, கற்பூரப் புகை, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயரும் காவேரியம்மனும். குகை அப்படியே காவிரி வரை போகிறது என்று மலைக் கிராமத்து மக்கள் சொல்வார்கள். மலையாளி எனப்படும் இந்தப் பழங்குடி மக்களுக்கு இவர்தான் குலசாமி. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் திரண்டுவிடும். சுற்றுலா இடம் என்று நினைத்துக்கொண்டு செருப்புக் காலுடன் செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். காலை பத்து, பதினொன்று மணிக்கு வெயில் சுடாமல் காற்றோடு நன்றாக இருக்கும். வயதானவர்களும் வரலாம், வண்டி பக்கம் வரை போகும். குகைக்குள் குனிய முடியாதவர்கள் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். போகிற வழியில் கரடி குகை என்று ஓர் இடம் சொல்வார்கள். கரடி கிடையாது.

கிளியூர் அருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போட்டோவில் 300 அடிக்கு வெள்ளமாகக் கொட்டும். நேரில் பல மாதம் கல்தான் தெரியும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் பள்ளத்தில் விழுகிறது. அதனால் முதலில் ஏரியைப் பாருங்கள். கரையில் சேறும் புல்லும் தெரிந்தால் அருவியை மறந்துவிடலாம். நிரம்பியிருந்தால் போகலாம், ஆனால் கீழே இறங்கும் வழி செங்குத்து. இறங்கும்போது சிரித்துக்கொண்டு வரும் பெரியப்பா ஏறும்போது யாரோடும் பேச மாட்டார். மூட்டு வலிக்காரர்களை மேலேயே டீக்கடையில் உட்கார வையுங்கள். கனமழை நாளில் இறங்க விட மாட்டார்கள், வாதாட வேண்டாம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும். லண்டன், டொராண்டோ பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு. அப்போது பெரும்பாலும் காலையில் தெளிவு, மத்தியானத்துக்கு மேல் மழை. ஆகவே பாயிண்ட் எல்லாம் மதியத்துக்குள். முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தால் லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்துத் தெருக்களை எண்ணலாம், அதைத் தவற விடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் டிசம்பரில் வருவார்கள். குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் காலம் அதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட்டார். இன்றைக்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி நிற்க, அதன் நிழலில் காப்பிச் செடி. ஊரைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் மெதுவாகப் போனால் களத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பி, ஒரு அம்மா பலகையால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருப்பார். கேட்டுவிட்டு ஒரு சிவப்புப் பழத்தைப் பிள்ளையிடம் கொடுத்துப் பிதுக்கச் சொல்லுங்கள். வழவழவென்று தித்திக்கும் தோலுக்குள்ளிருந்து இரண்டு கொட்டை வழுக்கி விழும். ஸ்டார்பக்ஸ் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நிமிஷம் பத்து பாயிண்ட்டுக்கு மேல். தோட்டம் தனியாருடையது, கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

மே மாதம்? கோடை விழா, மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி என்று ஊர் நிரம்பி வழியும். கூட்டம் பிடிக்கும் என்றால் தாராளமாக வாருங்கள். அமைதி வேண்டுமென்றால் மேயையும், எந்த மாதமானாலும் சனி ஞாயிறையும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை பெங்களூர் கார்கள் வரிசை கட்டும், ஏரியில் படகுக்கு நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். செவ்வாய், புதனில் அதே ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைச் சூடாக வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும். செடி கொடியில் ஆர்வமுள்ளவர்களுக்கும் வேலைநாள்தான் வசதி. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இங்கே இருக்கிறது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைக் காட்டினால் பத்து வயசுப் பிள்ளை நகராது. அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளில் கேட் பூட்டியிருக்கும்.

ஒரே நாளில் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எட்டு மணிக்குள் சேலத்தைத் தாண்டுங்கள், முதலில் சேர்வராயன் கோயில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏரியோரம், டிசம்பர் என்றால் சாயங்காலம் லேடீஸ் சீட். மழைக்காலம் என்றால் கோயிலிலிருந்து நேராக லேடீஸ் சீட் போய்விட்டுச் சாப்பிடுங்கள். பகோடாவை இரவு தங்கும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். வளைவுகளில் குமட்டும் பிள்ளைகளுக்குக் கிளம்புமுன் வயிறு முட்ட இட்லி ஊட்டாதீர்கள், அம்மாயி கோபித்துக்கொண்டாலும் சரி. சின்னக் கடைகளில் வெளிநாட்டு கார்டு எடுக்காது. எல்லாரும் போனில் ஸ்கேன் செய்வார்கள், உங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லையென்றால் நூறு, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கையில் வைத்திருங்கள். தங்குகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டையையும் கொண்டுபோக வேண்டும், நகல் எடுத்துக்கொண்டுதான் அறை கொடுப்பார்கள். காரில்லாமல் பஸ்ஸிலும் ஏறலாம், சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் மேலே பாயிண்ட்டுகளுக்கு ஆட்டோ பேச வேண்டியிருக்கும், ஏறுவதற்கு முன்பே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ரேட்டைப் பேசிக்கொள்ளுங்கள். மழையில் பாறை சரிந்து மெயின் ரோடு மூடினால் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, டிரைவருக்குத் தெரியும். இறங்கி வந்ததும் பிள்ளைகள் பசி என்பார்கள். சேலத்தில் அந்த நேரத்துக்குத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட ஆரம்பித்திருப்பார்கள்: தட்டுவடை இரண்டுக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. காரத்தைக் குறைத்துப் போடச் சொன்னால் குறைத்துப் போடுவார்கள்.