மூத்த வித்வானின் நாயனம் மனதில் தங்க வேண்டுமென்றால்

சிதம்பரத்தில் நாயனம் (நாதஸ்வரம்) கேட்க நினைப்பவர்கள் தேரன்று போக வேண்டாம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டிலுமே 9ஆம் நாள் தேர். அன்றைய கூட்டத்திலும் ஒலிபெருக்கியிலும் வித்வான் காணாமல் போய்விடுவார். கொடியேற்றத்துக்குப் பிறகு தேருக்கு முன்னால் வரும் இரவுகளில் நடக்கிற வீதியுலாதான் காதுக்கு உகந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே நின்றால் ஆலாபனை காதில் ஏறாது. தங்க ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலிலும், புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலிலும் வைகாசித் திருவிழா இருக்கிறது. யார் மேளம் என்பதை முன்கூட்டியே கோயிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கம்பீரநாட்டை ராகத்தைக் காதில் ஏற்றுங்கள். ஸ க ம ப நி மட்டும்தான். ரி, த இரண்டு ஸ்வரமும் கிடையாது. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி இந்த ராகத்தில்தான். அதற்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், இல்லை. ஒரே அமைப்பைக் காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால்தான் அந்த மாற்றம் உடம்பில் படும். கூடவே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடிப் பதிவைத் தினம் ஒருமுறை கேளுங்கள். இரண்டு ராகம் போதும். பத்து ராகத்தை அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால், பெயர் கண்டுபிடிப்பதிலேயே இரவு கழிந்துவிடும்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தவிலின் வலந்தலையை, அதாவது வலது பக்கத்தை, விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள். அந்தப் பக்கம் நெருங்கி நின்றால் பத்து நிமிடத்தில் காது அடைத்து, நாயனத்தின் நெளிவு எதுவும் கேட்காது. நாயனக்காரருக்கு முன்பக்கம், சற்றே ஒதுங்கி, பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஊர்வலம் நகரும்போது ராகம் விரிவதில்லை. வழியில் பூஜைக்காக நிறுத்தும் மண்டகப்படிகளில் சுவாமி நிற்கும்போதுதான் விரியும். எந்தெந்த மண்டகப்படியில் அதிக நேரம் நிற்கும் என்று பகலிலேயே விசாரித்து, ஊர்வலத்துக்கு முன்னால் போய் இடம் பிடியுங்கள். நான்கு வீதியும் கூடவே நடக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

முதல் ஐந்து நிமிடத்தில் சுருதி பிசகினாலோ, சத்தம் கீச்சிட்டாலோ, "வயசாயிடுச்சு" என்று நகர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் வேலை. நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டு எச்சிலில் ஊறிப் பதத்துக்கு வர வேண்டும். மார்கழிப் பனியும் கடல் காற்றும் இருக்கும் நம் பக்கத்தில் சீக்கிரமே ஊறிப் பருத்துவிடும். நாயனத்தில் தொங்கும் கொத்திலிருந்து அவர் வேறொரு சீவாளியை எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு வருவதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள்.

வயதான வித்வானிடம் விரலடியின் வேகத்தைத் தேட வேண்டாம். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள். இளையவர் ஒரே மூச்சில் ஓடிக் கடக்கும் இடத்தை அவர் மூன்றாக உடைப்பார். ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்தில் போய் அமரும். அந்த நிறுத்தம்தான் ராகத்தின் முகத்தைக் காட்டும். பல வருடம் கழித்து அதே ராகத்தை வேறு யார் பாடினாலும், காது அந்த இடத்துக்குக் காத்திருக்கும்.

போன் பையிலேயே இருக்கட்டும். தவில் ஓசையில் மைக் திணறிப் பதிவு உடைந்துவிடும். நாயனம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல விழும். நினைவுக்காக வேண்டுமென்றால் மண்டகப்படியில் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டு வைத்துவிடுங்கள்.

சுவாமி கோயிலுக்குத் திரும்பிய பிறகு பேசலாம். சீவாளியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது குறுக்கிடக் கூடாது. "ஐயா, மேல வீதியில ரொம்ப நேரம் வாசிச்சீங்களே, அது என்ன ராகம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நின்று கேட்டவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கு மேல் அவரே சொல்வார். வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுங்கள். தவில்காரருக்கும் தாளம் போட்டவருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

திரும்பும் வழியில் வேறு பாட்டு வேண்டாம். புதிது மேலே விழுந்தால் கேட்டது கலைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தேதி, வீதி, ராகம் எழுதி, மனதில் நிற்கும் ஒரே ஒரு பிடியை (ராகத்தின் ஒரு சின்னத் துணுக்கை) முணுமுணுத்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அபஸ்வரமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று நாள் கழித்து, பதிவைக் கேட்காமல் அதே பிடியைப் பாடிப் பாருங்கள்; பிறகு பதிவோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போன ஸ்வரம் எது என்று தெரிந்தால், அடுத்த உற்சவத்தில் அதைக் கேட்கப் போகலாம்.