முதன்முறை ஆய்வுரை வழங்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு

ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த முடிவுகளைப் பதினைந்து நிமிடங்களில் சொல்ல வேண்டும் என்றால், எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினமானது. மேடைக் கூச்சத்தின் பெரும்பகுதியும் இந்தத் தெளிவின்மையிலிருந்தே வருகிறது.

ஆகவே ஸ்லைடுகளைத் தொடுவதற்கு முன், கேட்டவர்கள் மனத்தில் எது நிற்க வேண்டுமோ அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "மண்ணின் ஈரப்பதத்தை ஆராய்ந்தேன்" என்பது வெறும் தலைப்பு. "ஈரப்பதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் இந்தப் பயிரின் வேர் வளர்ச்சி நின்றுவிடுகிறது" என்பதே முடிவு. அந்த வாக்கியத்துக்கு வலுச் சேர்க்காத தரவு, எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததாக இருந்தாலும், உரையில் வேண்டாம். யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியில் அசைவற்ற ஒரே ஒரு ஸ்லைடுக்குத்தான் அனுமதி. போட்டியில் கலந்துகொள்ளாதவர்களும் தங்கள் ஆய்வை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது நல்லது. இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்றே கருதுகிறேன்.

அடுத்தது ஸ்லைடுகள். "முடிவுகள்" என்று பொத்தாம் பொதுவாகத் தலைப்பிடாமல், அந்த ஸ்லைடு நிறுவும் முடிவையே தலைப்பாக எழுதுங்கள்.

மூன்றாவதாக, வரைபடத்தை விளக்கப் பழகுங்கள். பல மாதங்களாகப் பார்த்துப் பழகிய படம் என்பதால் நமக்கு ஒரு நொடியில் விளங்குவது, முதன்முறை பார்ப்பவருக்கு வெறும் கோடுகளாகத்தான் தெரியும். "கிடை அச்சில் இருப்பது ஈரப்பதம், வலப்புறம் போகப் போக மண் காய்கிறது. செங்குத்து அச்சில் வேரின் நீளம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செடி" என்று சொல்லி, ஓரிரு நொடி நிறுத்தி, அதன் பிறகு "இந்த இடத்தில் கோடு படுத்துவிடுவதைப் பாருங்கள்" என்று கைகாட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் அவையில் இருக்கக்கூடும் என்பதால், நிறத்தோடு கோட்டின் வடிவத்தையும் மாற்றி வரைவது அவசியம்.

ஒத்திகையை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் சில வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், ஏனெனில் முழு உரையையும் ஒப்பிப்பவர் ஒரு சொல்லை மறந்தாலும் தடுமாறி நின்றுவிடுவார். ஒத்திகையிலேயே நேரம் மீறினால், வேகத்தைக் கூட்டாமல் ஒரு ஸ்லைடை நீக்கிவிடுங்கள்.

கேள்வி நேரத்தில், கேள்வியை இறுதிவரை கேட்டு, உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். விடை தெரியாதபோது, "அதை நாங்கள் அளக்கவில்லை, அளப்பதாக இருந்தால் இந்த முறையில் செய்வேன்" என்று சொல்வது நேர்மையானது, ஆய்வாளருக்கு உரியதும்கூட. அந்தப் பதற்றத்தில் கேட்கப்பட்டவை பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. எனவே கேள்விகளை எழுதிவைக்குமாறு சக ஆய்வாளர் ஒருவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அன்று மாலையே அவற்றை நெறியாளருடன் விவாதியுங்கள், ஏனெனில் அவற்றில் சில வாய்மொழித் தேர்விலும் எழக்கூடும்.