சாளரத்தில் தெரியும் படம் சேமித்த படம் அல்ல: ஆர் மொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆன பிறகு மதிப்பீட்டாளரிடமிருந்து ஒரு வரி வருகிறது: மூன்றாம் படத்தில் அச்செழுத்துகள் மிகச் சிறியவை, பெரிதாக்கி அனுப்பவும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் அலைந்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு நான் உதவியிருக்கிறேன். அவர் கையில் இருந்தது திரையைப் பிடித்த ஒரு படம் மட்டுமே. ஆய்வகத்தில் விண்டோஸ் கணினியில், தரவைப் பகுத்துப் படம் வரைய உதவும் ஆர் (R) நிரல்மொழியில் வரைந்தது. அவருடைய மடிக்கணினியிலோ லினக்ஸ்.

ஆய்வகத்தில் அவர் நம்பியிருந்தது வரைபடச் சாளரத்தின் 'ஹிஸ்டரி' பட்டியை. விண்டோஸில் அதில் 'ரெக்கார்டிங்' என்பதை இயக்கிவிட்டால், அதன்பின் வரையும் படங்களை பேஜ்அப், பேஜ்டவுன் விசைகளால் புரட்டிப் பார்க்கலாம். இயக்குவதற்கு முன் வரைந்தவை அதில் சேரா. சேர்ந்தவையும் ஆரின் பணிவெளியில், அதாவது அந்த அமர்வின் தரவெல்லாம் இருக்கும் நினைவிடத்தில், ஒரு மறை மாறியாக இருப்பவைதான். வெளியேறும்போது பணிவெளியைச் சேமிக்காவிட்டால் அவையும் போய்விடும். மேக்கில் உள்ள ஆர் செயலியின் குவார்ட்ஸ் சாளரத்திலும் முந்தைய படத்துக்குத் திரும்பும் வசதி உண்டு. லினக்ஸின் எக்ஸ்11 சாளரத்தில் அப்படி எதுவும் கிடையாது. புதிய படம் வந்ததும் பழையது அழிந்துவிடும். ஒரே மொழி, ஒரே நிரல், மூன்று இயங்குதளங்களில் மூன்று நடத்தை. ஆகவே சாளரத்தின் நினைவை அன்றைய வேலைக்கான வசதியாக மட்டும் கொள்ளுங்கள்.

சாளரத்தில் உள்ள படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் 'சேவ்பிளாட்' கட்டளையும் இதே வகை. விண்டோஸில் அது பல வடிவங்களில் சேமிக்கும். லினக்ஸில் பிஎன்ஜி, ஜேபெக் போன்ற சில வடிவங்களில் மட்டும். மேக்கின் குவார்ட்ஸ் சாளரத்தில் வேலையே செய்யாது, அங்கே 'குவார்ட்ஸ்.சேவ்' வேண்டும். நண்பருக்கு அனுப்பும் நிரலில் இந்தக் கட்டளை இருந்தால் அவர் கணினியில் அது நின்றுபோகலாம்.

'ரெக்கார்ட்பிளாட்' என்ற கட்டளை மூன்று தளங்களிலும் உண்டு. படத்தை ஒரு பொருளாக வைத்துக்கொண்டு 'ரீப்ளேபிளாட்' மூலம் மீண்டும் வரையலாம். ஒரே அமர்வில் இரண்டு படங்களை மாற்றி மாற்றி ஒப்பிட மிக நல்ல வழி. ஆனால் இதைக் கோப்பாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது தவறு. பதிவின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும், நிரந்தரச் சேமிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆரின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. படம் வரையப் பலரும் பயன்படுத்தும் ஜிஜிபிளாட் தொகுப்பின் பொருளை ஆர்டிஎஸ் என்ற ஆரின் சொந்தக் கோப்பு வடிவில் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புதிய பதிப்பில் அது திறக்காமல் போகலாம். தரவும் அதனுள்ளே சேர்ந்தே பயணிப்பதால், நோயாளிகளின் விவரம் போன்றவை தெரியாமலேயே வெளியே போய்விடும்.

அப்படியானால் எது நிலைக்கும்? கோப்பைத் திற, வரை, மூடு: இந்த மூன்றும் நிரலிலேயே இருக்க வேண்டும். 'பிடிஎஃப்' அல்லது 'பிஎன்ஜி' என்று சாதனத்தை (ஆர் படத்தை எழுதும் இடத்தை) திறந்து, படத்தை வரைந்து, 'டெவ்.ஆஃப்' என்று மூடுவது எல்லாத் தளங்களிலும் இயங்கும். நான் அதிகம் பார்க்கும் தவறு இந்த மூன்றாவது படியில்தான் நேர்கிறது. மூடாத பிடிஎஃப் கோப்பு முழுமையடையாததால் திறக்காது. அதைவிடக் குழப்பமானது, நிரல் பாதியில் பிழையாகி நிற்கும்போது சாதனம் திறந்தபடியே இருந்துவிடுவது. அதன்பின் எத்தனை முறை வரைந்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது, எல்லாம் அந்தக் கோப்புக்குள் போய்க்கொண்டிருக்கும். 'கிராஃபிக்ஸ்.ஆஃப்' என்று ஒருமுறை இட்டால் எல்லாம் மூடிவிடும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதிப்பீட்டாளர்களின் புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பிடிஎஃப் சாதனத்தின் இயல்பான அளவு 7 அங்குலத்துக்கு 7 அங்குலம். எழுத்து 12 புள்ளி. நீங்கள் 14 அங்குல அகலத்தில் வரைந்து, இதழின் 7 அங்குலப் பக்கத்தில் பொருத்தினால் எழுத்து 6 புள்ளியாகச் சுருங்கிவிடும். பிஎன்ஜியின் இயல்பு 480 பிக்சல், அங்குலத்துக்கு 72. தெளிவு வேண்டும் என்று அகலத்தை மட்டும் 2400 ஆக்கினால், ஆர் அதை 33 அங்குலப் படமாகக் கொள்ளும். எழுத்து எறும்பு அளவில் வரும். கூடவே அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லும் 'ரெஸ்' மதிப்பை 300 என்று கொடுத்தால் அது 8 அங்குலப் படம். எழுத்தும் சரியாக அமையும். ஜிஜிபிளாட் படத்தைச் சேமிக்கும் 'ஜிஜிசேவ்' கட்டளையில் அகலம் உயரம் கொடுக்காவிட்டால், அந்த நேரத்தில் சாளரம் எந்த அளவில் இருந்ததோ அந்த அளவையே எடுத்துக்கொள்ளும். சாளரத்தைச் சற்று இழுத்திருந்தால் நாளைய படம் இன்றைய படம்போல் இராது. அச்சில் வரவேண்டிய அளவை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவிடுங்கள்.

பிஎன்ஜிக்கு ஒரே பெயர் கொடுத்துப் பத்துப் படம் வரைந்தால் கடைசிப் படம் மட்டும் மிஞ்சும். பெயரில் வரிசை எண்ணுக்கு இடம் விடுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழலுக்குள் (லூப்) ஜிஜிபிளாட் படம் வரவில்லை என்றால் 'பிரிண்ட்' விடுபட்டிருக்கும்.

கோப்புப் பாதைகளில், விண்டோஸின் பின்சாய்வுக் கோட்டை அப்படியே ஒட்டினால் ஆர் அதைச் சிறப்புக் குறியாகப் படித்துப் பிழை காட்டும். முன்சாய்வுக் கோடு எல்லாத் தளங்களிலும் செல்லும். லினக்ஸில் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறினாலும் அது வேறு கோப்பு. நேரத்தைக் கோப்புப் பெயரில் வைப்பவர்கள் முக்காற்புள்ளியைத் தவிர்க்க வேண்டும், விண்டோஸ் அதை ஏற்காது. பிடிஎஃப் படிப்பானில் திறந்திருக்கும் கோப்பின்மேல் மீண்டும் எழுதவும் விண்டோஸில் பெரும்பாலும் முடியாது, முதலில் மூடுங்கள்.

தமிழில் தலைப்பும் அச்சுப்பெயரும் வைப்போருக்கு இன்னொரு இடர். வழக்கமான 'பிடிஎஃப்' சாதனம் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகளை வைத்துவிடும். 'கெய்ரோ_பிடிஎஃப்' என்ற சாதனம் பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று 'கொ', 'நௌ' போன்றவற்றை உற்றுப் பாருங்கள். எழுத்துகளைக் கோக்கும் வேலை தளத்துக்குத் தளம் வேறுபடும். பிஎன்ஜிக்கு 'ராக்' என்ற தொகுப்பு இதை நன்றாகச் செய்கிறது. 2022இல் வந்த ஆர் 4.2.0 முதல் விண்டோஸிலும் யூனிகோட் இயல்பானது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் புதுப்பித்துவிடுங்கள்.

நிரலும் தரவும் பத்திரமாக இருந்தாலும் படம் மாறலாம். 2020இல் வெளியான ஆர் 4.0.0 இயல்பு வண்ணங்களை மாற்றியது; வண்ணத்தைக் குறிக்கும் 2 என்ற எண் அதுவரை தூய சிவப்பு, பிறகு இளஞ்சிவப்புச் சாயல். எண்ணுக்குப் பதில் வண்ணத்தின் பெயரை எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. படக்கோப்பின் பக்கத்திலேயே 'செஷன்இன்ஃபோ' தரும் பதிப்பு விவரத்தையும் ஓர் உரைக்கோப்பாக வைப்பது என் வழக்கம்.

அந்த மாணவரின் படத்துக்கு ஒருவழியாகத் தரவு கிடைத்தது, நிரலையும் மீண்டும் எழுதினோம், அச்செழுத்தும் பெரிதானது. புள்ளிகள் மட்டும் பழைய இடத்தில் அமரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழாமலிருக்க அவற்றைத் தற்போக்காகச் சற்று நகர்த்தும் 'ஜிட்டர்' பயன்படுத்தியிருந்தார், அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரேபோல் அமையச் செய்யும் 'செட்.சீட்' கட்டளையை அதற்குமுன் இட்டிருக்கவில்லை. புள்ளிகளின் கிடைமட்ட இடம் மாறியிருக்கிறது, அளவீடுகள் மாறவில்லை என்று ஆசிரியருக்குத் தனியே விளக்கம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.