ஐரோப்பாவின் பொதுக் காப்புரிமை நீதிமன்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூன் 1 அன்று ஐரோப்பாவின் ஒருங்கிணைந்த காப்புரிமை (பேட்டன்ட்) நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. அதுவரை ஜெர்மனியில் ஒரு வழக்கு, பிரான்சில் ஒரு வழக்கு, இத்தாலியில் ஒரு வழக்கு என்று அலைய வேண்டும். இப்போது ஒரே தீர்ப்பு 18 நாடுகளில் செல்லும். காப்புரிமை வைத்திருப்பவருக்கு நல்ல காலம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. மொத்தமாக ஜெயிக்க முடிகிற இடத்தில் மொத்தமாகத் தோற்கவும் முடியும்.

பலர் இதை மறந்து சும்மா இருந்துவிடுகிறார்கள். பழைய முறையில் வாங்கிய ஐரோப்பிய காப்புரிமைகளும் தாமாகவே இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. வேண்டாம் என்றால் 'ஆப்ட் அவுட்' (விலகல்) விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் போட்டியாளர் முந்திக்கொண்டு இங்கே ரத்து வழக்குப் போட்டுவிட்டால், அப்புறம் விலக முடியாது.

முந்துவது என்றால் எப்படி? நீதிமன்றம் தொடங்கிய அன்றே ஆம்ஜென் நிறுவனத்தின் கொழுப்புக் குறைப்பு மருந்து தொடர்பான காப்புரிமையை ரத்து செய்யக் கோரியது சனோஃபி. இணையவழித் தாக்கல் மக்கர் செய்யவே, மனுவைக் காகிதமாகவே லக்சம்பர்க்கில் கொடுத்தார்கள். ஆம்ஜெனும் அன்றே மீறல் வழக்குப் போட்டது. இடைவெளி ஏறத்தாழ 20 நிமிடம். யார் முதல் என்பதற்கே ஒரு சண்டை நடந்தது. 2024 ஜூலையில் இந்த நீதிமன்றத்தின் மியூனிக் மத்தியப் பிரிவு அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. நடுவில் அந்த நிறுவனத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

சரி, விலகுவது என்று முடிவெடுத்தாயிற்று. அதிலும் கோட்டை விடுகிறார்கள். பழைய முறை ஐரோப்பிய காப்புரிமை நாட்டுக்கு ஒரு பகுதியாகப் பிரிந்திருக்கும். ஜெர்மன் பகுதி தாய் நிறுவனத்தின் பெயரில், பிரெஞ்சுப் பகுதி துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் ஒருவர் மட்டும் போட்ட விண்ணப்பம் செல்லாது. எல்லா நாட்டுப் பகுதிகளின் உரிமையாளர்களும் சேர வேண்டும் என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பதிவேட்டில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், உண்மையான உரிமையாளர் யார் என்று பாருங்கள். விலகியதைத் திரும்பப் பெறலாம், ஒருமுறைதான்.

புதிதாகக் காப்புரிமை பெறுபவர்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்து ஒற்றைக் காப்புரிமை கேட்கலாம். அதற்கு ஆப்ட் அவுட் கிடையாது. காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஸ்பெயின், போலந்து, அயர்லாந்து, பிரிட்டன் இதில் அடங்காது. ருமேனியா 2024 செப்டம்பரில் சேர்ந்தது. அதற்கு முன் பதிவான ஒற்றைக் காப்புரிமைகள் அங்கே செல்லாது.

வழக்கை எதிர்கொள்ளும் நிறுவனங்கள் செய்யும் தவறு வேறு. வாய்தா வாங்கிப் பழகிய நம் ஊர் மனநிலை அங்கே எடுபடாது. பதில் மனுவுக்கு மூன்று மாதம். காப்புரிமையை ரத்து செய்யக் கேட்பதாக இருந்தால் அதையும் அதிலேயே வைத்தாக வேண்டும். ஒரு வருடத்துக்குள் முதல்நிலை இறுதி விசாரணை என்பது இலக்கு. அவசர வழக்கில் இந்த மூன்று மாதமும் கிடையாது. 2023 ஜூனில் ஃபிராங்க்ஃபர்ட் யூரோபைக் கண்காட்சியில் ஒரு சுவிஸ் நிறுவனம் மின்மிதிவண்டிகளை நிறுத்தியிருந்தது. நீதிமன்றத்தின் டூசல்டார்ஃப் பிரிவு, காப்புரிமை மீறல் என்று போட்டியாளரின் மனு வந்த அன்றே, எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே நான்கு நாடுகளுக்குத் தடையுத்தரவு போட்டது. வழக்கு வரும் என்ற சந்தேகம் இருந்தால், கண்காட்சிக்குக் கிளம்பும் முன்பே நம் வாதங்களை எழுதிப் 'பாதுகாப்புக் கடிதமாக' தாக்கல் செய்துவிடுவது நல்லது. தடை கேட்டு மனு வந்தால் நீதிபதி முன் அதுவும் போகும். ஆறு மாதம் செல்லும்.

"நாங்கள் பிரிட்டனில் மட்டும்தான் விற்கிறோம்" என்ற தைரியமும் இப்போது பழசு. நிறுவனம் பதிவாகியிருப்பது உறுப்பு நாட்டில் என்றால் பிரிட்டன் காப்புரிமை மீறலையும் இந்த நீதிமன்றம் விசாரிக்கலாம். ஃபுஜிஃபில்ம், கோடாக்கின் ஜெர்மன் நிறுவனங்கள் மீது போட்ட வழக்கில் 2025 ஜனவரியில் டூசல்டார்ஃப் பிரிவு அப்படித்தான் சொன்னது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் வேறொரு வழக்கில் அதே திசையில் தீர்ப்பளித்தது.