பஞ்சரத்ன கோஷ்டி கானத்தை ஒலிப்பதிவு செய்யும் முறை

மும்பை மாட்டுங்காவில் தியாகராஜர் ஆராதனையை ஒட்டி ஐம்பது, அறுபது பேர் கூடிப் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவதை முதன்முறை பதிவு செய்தபோது, எட்டு மைக்குகளை வரிசையாக வைத்தேன். ஒரே குரல் எட்டு மைக்குகளையும் வெவ்வேறு கணத்தில் எட்டியதால், கலந்து கேட்டபோது பாட்டு நீர்த்துப் போயிருந்தது. ஆகவே, பாட்டு முழுவதையும் இரண்டு மைக்குகளில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை துணைக்கு மட்டுமே.

முதலில், கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும்) வகையைச் சேர்ந்த ஒரே மாதிரியான இரு மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், வெளிநோக்கி 110 பாகைக் கோணத்தில் பொருத்துங்கள். ஓஆர்டிஎஃப் எனப்படும் இந்த அமைப்பை, எதிரெதிராக அமர்ந்திருக்கும் இரு வரிசைகளின் திறந்த முனையில் நிறுத்துங்கள்.

உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மைக் வாய் மட்டத்திலேயே இருந்தால், ஒன்றரை மீட்டரில் இருப்பவருக்கும் ஆறு மீட்டரில் இருப்பவருக்கும் தூரம் நான்கு மடங்கு வேறுபடும். முன்வரிசை மாமியின் குரல் மட்டுமே ஓங்கி ஒலிக்கும். அதையே வாய் மட்டத்துக்கு 2.2 மீட்டர் மேலே ஏற்றினால் அந்த வேறுபாடு ஏறத்தாழ 2.4 மடங்காகக் குறைந்துவிடும். ஸ்டாண்டின் அடியில் மணல் மூட்டை வைக்க மறக்காதீர்கள். அரங்கின் ஒலிபெருக்கிகள் மைக்குகளைத் தாண்டி, ரசிகர்களைப் பார்த்து இருக்கட்டும்.

அடுத்து, மிருதங்கத்துக்கும் வீணைக்கும் ஆளுக்கொரு துணை மைக் போதும். சுருதிப் பெட்டியை எந்த மைக்குக்கும் அருகில் வைக்க விடாதீர்கள். பிறகு அதைக் குறைக்க வழியே இராது.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அமையுங்கள். ஒரு சரணத்தை முழுக் குரலில் பாடச் சொல்லி, கருவியின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். ஆரம்பிக்கும் முன் மிருதங்கத்தின் அருகில் ஒருவரைப் பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரயில் ஓசையைத்தான் நம்மால் நிறுத்த முடியாது. மங்களம் முடிந்த பின்னும் அரை நிமிடம் பதிவு ஓடட்டும். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த அரங்கின் அமைதி தேவைப்படும்.

கலக்கும்போது, அந்தக் கைதட்டலைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மிருதங்க மைக்கில் முதலில் ஒரு கூர்மையான கோடு தெரியும். இரட்டை மைக்குகளில் அதே கோடு சற்றுத் தள்ளி விழுந்திருக்கும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்வதால், மூன்றரை மீட்டர் வேறுபாட்டுக்குப் பத்து மில்லிநொடி ஆகும். மிருதங்க டிராக்கை அந்த அளவு தாமதப்படுத்தினால் இரு கோடுகளும் பொருந்தும். வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கத்தின்) நாதம் தன் இடத்தில் உட்காருவதை அப்போதே கேட்பீர்கள். வீணைக்கும் அதன் தூரத்தைக் கணக்கிட்டு இவ்வாறே செய்யுங்கள்.

பின்னர் இரட்டை மைக்குகளை மட்டும் ஒலிக்கவிட்டு, துணை மைக்கை மெல்ல ஏற்றுங்கள். அது தனியாகக் காதில் பட்டவுடன் இரண்டு டெசிபல் இறக்கிவிடுங்கள். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை நீக்கலாம். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரஸரை நான் பயன்படுத்துவதில்லை. நாட்டை ராகத்தின் கம்பீரமும் வராளி ராகத்தின் உருக்கமும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டியதில்லை. கடைசியாக, மோனோவாக (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) மாற்றிக் கைப்பேசியில் ஒருமுறை கேளுங்கள். மிருதங்கம் மெலிந்து ஒலித்தால், தாமதக் கணக்கை மறுபடி சரிபாருங்கள்.